எட்டு நொடி

கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மருமகனுக்கு,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகும் உன் குரல் காதைவிட்டுப் போகவில்லை. "முப்பது தடவை ஆடிட்டேன் அத்தை. ஹார்ட் வந்துச்சு, எக்ஸ்பர்ட் வந்துச்சு, எக்ஸ்பர்ட் பிளஸ் மட்டும் எனக்கு வராது போல" என்றாய். ஒரு வரி ஆறுதல் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பாட்டின் தாளத்துக்கு எதிரே வரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்டும் இந்த பீட் சேபர் வி.ஆர். விளையாட்டை 2019இலிருந்து நானும் ஆடுகிறேன்; நீ நிற்கிற அதே எக்ஸ்பர்ட் பிளஸ் மட்டத்தின் வாசற்படியில் ஓராண்டுக்கு மேல் நின்றவள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"எந்த இடத்துல தவறுது?" என்று கேட்டேன். "கடைசிப் பக்கம், வேகமா வர்ற இடத்துல" என்றாய். முப்பது தடவை விழுந்த பிறகும் விழுந்த இடம் உனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்படியானால் முப்பது தடவையும் நீ ஆடியிருக்கிறாய், பழகவில்லை. நான் சொல்ல நினைப்பது எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். மூன்று நிமிடப் பாட்டில் பெரும்பகுதி உன் கைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. வராமல் இருப்பது எங்கோ ஓர் எட்டு நொடி. அந்த எட்டு நொடியைத் தேடிப் பிடி.

பிடிக்கும் வழியைச் சொல்கிறேன். முதலில் நோ ஃபெயில் போட்டுக்கொண்டு பாட்டை முழுதாக ஒருமுறை ஆடு. உயிர்க்கோடு தீர்ந்து நடுவில் நின்றுபோனால், பின்பாதியைக் கண்ணால் பார்க்கவே உனக்கு வாய்ப்பில்லை. ஆடும்போது எந்த நேரத்தில் காம்போ, அதாவது விடாமல் வெட்டிய தொடர்ச்சி, உடைகிறது என்று கவனித்து, முடிந்ததும் ஒரு நோட்டில் குறித்துவை. பிறகு பிராக்டிஸுக்குப் போ. எந்த நொடியில் தொடங்குவது, என்ன வேகத்தில் ஓடுவது என்ற இரண்டையும் அங்கே நீயே வைத்துக்கொள்ளலாம். உடையும் இடத்துக்கு மூன்று நொடி முன்னால் தொடங்கி, 75 சதவீத வேகத்தில் ஆடு. தொடர்ந்து ஐந்து முறை ஒரு கட்டையும் விடாமல் வெட்டினால் ஐந்து சதவீதம் ஏற்று. 110 வரை போய்விட்டுத் திரும்பி 100க்கு வா. உன்னை நெரித்த இடத்தில் மூச்சுவிட நேரம் இருப்பது தெரியும். கடைசியாக, அதற்கு முந்தைய அரை நிமிடத்தையும் சேர்த்து ஆடு. பாட்டுக்குள் அந்த இடத்துக்கு நீ களைத்த கையோடுதான் வந்து சேர்வாய். அந்தக் களைப்போடும் பழக வேண்டும்.

மெதுவாகத் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் நான் வீணை கற்றபோது சரளி வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசிக்க வேண்டியிருந்தது. எனக்கு எப்போதும் மூன்றாம் காலத்துக்கு ஓடத்தான் ஆசை. டீச்சர் விடமாட்டார். "முதல் காலத்துல விரல் தடுமாறினா, மூணாம் காலத்துல அந்தத் தடுமாற்றமும் சேர்ந்து வேகமாகும்" என்பார். நாற்பது வருஷம் கழித்து, கையில் இரண்டு ஒளிவாளை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தச் சொல்லின் முழு எடையும் எனக்குப் புரிந்தது. தவறாக வெட்டிய ஒவ்வொரு தடவையும் கை அந்தத் தவறைத்தான் பாடமாக்கிக்கொள்கிறது.

அடுத்தது கண். நீ ஆடுவதை விடுமுறையில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெட்டுகிற கட்டையையே பார்க்கிறாய். எக்ஸ்பர்ட் வரை அது போதும். எக்ஸ்பர்ட் பிளஸில் கட்டை உன் முன்னால் வந்து நிற்கும்போது அதைப் படிக்க நேரமிருக்காது. பார்வையைத் தொலைவில், கட்டைகள் பிறந்து வரும் பக்கத்தில் வை. அருகில் வந்தவற்றைக் கை பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் ஸ்கோர் இறங்கும், பயப்படாதே. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தை பிறகு முழுச் சொல்லையும் ஒரே பார்வையில் படிப்பதில்லையா? நாலு வரிசை, மூன்று அடுக்கு என்ற அதே கட்டத்துக்குள்தான் எல்லாம் வருகின்றன. இடமும் வலமும் மாறி மாறி வரும் ஸ்ட்ரீம், கைகள் குறுக்கே போகும் இடம், இரண்டு கையும் ஒன்றாக இறங்கும் இடம் என்று ஒவ்வொன்றும் ஒரு சொல். நூறு சொல் தெரிந்துவிட்டால் புதுப் பாட்டும் பாதி படித்த பாட்டாகத்தான் வரும்.

கட்டைகள் எவ்வளவு தூரத்தில் தோன்ற வேண்டும் என்பதை ஆட்டக்காரர் அமைப்பில் மாற்றலாம். தூரத்தில் தோன்றினால் யோசிக்க நேரம் கிடைக்கும். ஆனால் ஒரே சமயத்தில் நிறையக் கட்டைகள் கண்ணை மறைக்கும். அருகில் தோன்றினால் எதிரே சுத்தமாக இருக்கும், நேரம் குறையும். இரண்டையும் சில நாள் வைத்துப் பார்த்து, உன் கண்ணுக்கு ஏற்றதைப் பிடி. பிடித்த பிறகு தோற்கும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே இருக்காதே.

மூன்றாவதாகக் கையின் போக்கு. கீழே இறங்கிய வாள் அடுத்து மேலே ஏற வேண்டும். ஏறியது இறங்க வேண்டும். இதைத்தான் ஆடுகிறவர்கள் பேரிட்டி என்கிறார்கள். பாட்டுக்குக் கட்டைகளை அடுக்கிய அமைப்பான மேப் நல்லதாக இருந்தால், பெரும்பாலும் இந்த ஓட்டம் அறுவதில்லை. இறங்கிய கைக்கு மறுபடியும் இறங்கும் கட்டையே வந்தால், எதையும் வெட்டாமல் வாளைத் திரும்பத் தூக்க வேண்டியிருக்கும். அந்தத் திருப்பத்தை நினைவூட்டத்தான் பல இடங்களில் வாள் தொடக் கூடாத குண்டு வைக்கிறார்கள். குண்டைக் கண்டால் மிரளாதே, "கையைத் திருப்பு" என்று அது சொல்வதாக எடுத்துக்கொள். உன் எட்டு நொடியை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு கட்டைக்கும் எந்தக் கை ஏறுகிறது, எது இறங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார். பெரும்பாலும் உன் இடக்கை ஒரே ஓர் இடத்தில் தலைகீழாக நிற்பது தெரிந்துவிடும். அதற்குப் பின் வருகிற தவறுகள் எல்லாம் அந்த ஒன்றின் பிள்ளைகள்தான்.

இனி ஸ்கோர். ஒரு கட்டைக்கு அதிகபட்சம் 115 புள்ளி. வெட்டுவதற்கு முன் வாள் 100 டிகிரி சுழன்று வந்தால் 70, வெட்டிய பிறகு 60 டிகிரி தொடர்ந்து போனால் 30, கட்டையின் நடுவில் பாய்ந்தால் 15. பலமாக அடிப்பதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. நீ தோளிலிருந்து அடிக்கிறாய். அதனால்தான் இரண்டாம் நிமிடத்திலேயே கை கனக்கிறது. முழங்கையை உடம்புக்குப் பக்கத்தில் வைத்து, முன்கையும் மணிக்கட்டும் சேர்ந்து சுழலட்டும். ஆனால் இந்தக் கணக்கு எல்லாம் இரண்டாம் கட்டம். ஒரு கட்டையைத் தவறவிட்டால் புள்ளிப் பெருக்கம் எட்டு மடங்கிலிருந்து நாலு மடங்காகிவிடும். திரும்ப எட்டுக்கு வர வரிசையாக எட்டுச் சரியான வெட்டு வேண்டும். முதலில் விடாமல் வெட்டப் பழகு. அழகாக வெட்டுவது பிறகு வரட்டும்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அத்தை என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. மூன்றாம் ஆண்டு வலது மணிக்கட்டு வலித்தது. "இன்னும் ஒரு பாட்டுதானே" என்று தினமும் ஆடினேன். இரண்டு மாதம் தோசைக் கரண்டியைக்கூட இடக்கையால் பிடிக்க நேர்ந்தது. நீ அந்தத் தவறைச் செய்யாதே. கன்ட்ரோலரை இறுக்கிப் பிடிக்காதே. கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, விரல்களால் தளர்வாகப் பிடி. முதல் பத்து நிமிடம் ஹார்டிலோ எக்ஸ்பர்ட்டிலோ கையைச் சூடாக்கு. அரைமணிக்கு ஒருமுறை ஹெட்செட்டைக் கழற்றித் தண்ணீர் குடி. விரல் மரத்தாலோ மணிக்கட்டு குத்தினாலோ, எந்தப் பாட்டானாலும் அங்கேயே நிறுத்து.

உன் அறையில் சீலிங் ஃபேன் தாழ்வாக இருக்கிறது. மேலடுக்குக் கட்டைக்குக் கை உயர்த்தும்போது ஓடுகிற ஃபேனில் பட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதை நிறுத்திவிட்டு, எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்துக்கொள். வியர்வை காயும், காற்று முகத்தில் படுவதால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாய் என்பதும் மறக்காது. காலடியில் ஒரு சின்னக் கால்மிதியை விரித்துக்கொள். விலகிப் போனால் பாதம் சொல்லிவிடும். ஹெட்செட்டை ஜன்னல் ஓரம் வைக்காதே. லென்ஸில் நேர்வெயில் விழுந்தால் உள்ளே திரை கருகிவிடும்.

ஒரு நாளில் அந்த எட்டு நொடிக்குப் பதினைந்து நிமிடம் போதும். மீதி நேரத்தில் வேறு வேறு பாட்டுகளை ஆடு. ஒரே பாட்டை மனப்பாடம் செய்தவன் அடுத்த பாட்டில் மறுபடி முதல் வகுப்பில்தான் உட்காருவான். கோபத்தோடு இருக்கும்போது "கடைசியா ஒண்ணு" என்று ஆடாதே. நன்றாக வரும் ஒரு பாட்டை ஆடிவிட்டு ஹெட்செட்டைக் கழற்று. ராத்திரி தூங்கி எழுந்து மறுநாள் நின்றால், முந்தின நாள் வராத இடம் சில சமயம் தானாக வந்து நிற்கும். எனக்குப் பலமுறை அப்படி வந்திருக்கிறது.

எனக்கு வயது ஐம்பத்தாறு. கை உன் கையைவிட மெதுவானதுதான். ஆனாலும் எக்ஸ்பர்ட் பிளஸில் பாட்டுகளை முடிக்கிறேன். என்னிடம் இருப்பது விழுந்த இடங்களைக் குறித்துவைத்த நோட்டு ஒன்று. முதல் பக்கத்தில் எழுதிய நேரங்கள் ஒவ்வொன்றும் இன்று அடிக்கப்பட்டிருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் இன்னும் அடிக்காதவை நாலு இருக்கின்றன.

அடுத்த ஞாயிறு கூப்பிடு. பாட்டு முடிந்ததா என்று கேட்கமாட்டேன். எத்தனாவது நொடி, எந்தக் கை என்று கேட்பேன். அதற்கு நீ உடனே பதில் சொன்னால் போதும், மீதி தானாக நடக்கும்.

அன்புடன்,
உன் அத்தை