வீரரைப் போற்றுவோம், துணை நிற்போம்

தீயிற் சிக்கிய குழந்தையை மீட்பவரும், ஆற்றில் தத்தளிப்பவரைக் கரை சேர்ப்பவரும் நம்மைப் போன்ற எளிய மக்களே. அத்தகையோரைப் போற்றும் முறையைச் சிபில் கார்த்திகேசு அம்மையாரின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

பேராக் மாநிலத்துப் பப்பான் என்னும் சிற்றூரில் வாழ்ந்த தாதியான அவர், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் எதிர்ப்புப் படையினருக்கு இரகசியமாக மருத்துவம் செய்தார். 1943ஆம் ஆண்டில் சிறைப்பட்டுக் கொடிய சித்திரவதைக்கு உள்ளாகியும் பணிந்தாரில்லை. போர் முடிந்தபின் அவர் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். ஜார்ஜ் பதக்கமும் பெற்றார். எனினும் 1948ஆம் ஆண்டில் காலமானார். வீரருக்குப் பதக்கத்துடன் பராமரிப்பும் தேவை என்பதை இதனால் உணர்கின்றோம்.

நம் தோட்டங்களிலும் பிறரைக் காக்கப் புகுந்து காயமுற்றவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் நமது முதற்கடமையாகும். அடுத்து, அவருடைய உரிமையைக் காத்தல் வேண்டும். சொக்சோ பாதுகாப்புப் பெற்ற தொழிலாளர் ஒருவர், வேலையிடத்தில் ஆபத்து நேர்ந்தபோது பிறரைக் காக்க முற்பட்டு விபத்துக்குள்ளானால், 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதனை வேலை விபத்தாகவே கருதுகின்றது. ஆகவே, நேரிற் கண்டவர்கள் நாள், நேரம், இடம், நிகழ்ந்தது ஆகியவற்றைக் குறித்து வைத்து, தாமதமின்றி நிர்வாகத்திடம் தெரிவித்தல் வேண்டும்.

மாலை சூட்டிப் பாராட்டுவோம். அவர் நலமுற்று வேலைக்குத் திரும்பும்வரை அவர்தம் குடும்பத்திற்கும் துணை நிற்போம்.