காவலர் வீரவணக்க நாள்

போர்க்களத்திற் பட்ட வீரரைப் போற்றுதல் எந்நாட்டார்க்கும் பொதுவாய வழக்கமாகும். ஆனால், போரில்லாத காலத்தும் நம் தெருவையும் சந்தையையும் காத்து நின்று உயிர் துறந்தாரைப் போற்றுதற்கென நாளொன்று உண்டென்பதை மாணவருட் பலர் அறியார். ஆண்டுதோறும் அக்டோபர் 21ஆம் நாள் இந்தியா முழுவதும் கொண்டாடப்பெறும் அந்நாளைத் தமிழ்நாட்டிற் காவலர் வீரவணக்க நாள் என வழங்குவர். அதன் வரலாற்றையும், அன்று நிகழும் சடங்கின் பொருளையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1959இல் திபெத்தை ஒட்டிய லடாக் எல்லையைக் காக்கும் பொறுப்புப் போலீஸாரிடம் இருந்தது. இந்தோ-திபெத் எல்லைக் காவற்படை 1962இலேதான் தோன்றிற்று. அவ்வெல்லையில், கடல் மட்டத்திற்கு 15,000 அடிக்கு மேல், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் வெந்நீரூற்றுப் பகுதி உள்ளது. அங்கிருந்து அக்டோபர் 20ஆம் நாள் வழியறியச் சென்ற மூன்று குழுக்களுள் இரண்டு மீண்டன. காவலர் இருவரும் சுமையாள் ஒருவரும் அடங்கிய மூன்றாவது குழு மீளவில்லை. மறுநாட் காலை, கரம் சிங் என்னும் அதிகாரியின் தலைமையிற் சுமார் இருபதின்மர் அவர்களைத் தேடிப் புறப்பட்டனர். நண்பகலளவில் குன்றொன்றின்மேல் நின்ற சீனப் படையினர் அவர்களைச் சுட்டனர். கையெறி குண்டுகளையும் வீசினர். ஒதுங்குதற்கு மறைவில்லாத அவ்வெளியிற் பதின்மர் மாண்டனர். அவர்தம் உடல்கள் நவம்பர் 13ஆம் நாளே ஒப்படைக்கப்பெற்றன. 1960 ஜனவரியிற் கூடிய இன்ஸ்பெக்டர் ஜெனரல்மார் மாநாடு, அவர்கள் வீழ்ந்த நாளையே ஆண்டுதோறும் நினைவு நாளாகக் கொள்ளத் தீர்மானித்தது.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்பதின்மர் சென்றது பிறர் நிலத்தைக் கைக்கொள்ளுதற்கன்று. காணாமற் போனவரைத் தேடுதற்கே. காணாமற் போனாரைத் தேடுதல் காவற்றொழிலின் அன்றாடக் கடமைகளுள் ஒன்று. அக்கடமையே அவர்தம் உயிரைக் கொண்டது.

இனி, சடங்கினைக் காண்போம். சென்னையில் அது கடற்கரையை நோக்கிய காவல்துறைத் தலைமை அலுவலக வளாகத்தில், நினைவுச் சின்னத்தின் முன் நிகழ்கின்றது. மாவட்டத் தலைநகரங்களிலும் அவ்வாறே நிகழும். அணிவகுத்த காவலர், துப்பாக்கியின் வாய் நிலம் நோக்கத் திருப்பித் தலை குனிந்து நிற்பர். பியூகிள் ஊதப்படும், மலர் வளையம் சாத்தப்படும், வானை நோக்கிக் குண்டுகள் முழங்கும். இவையனைத்தினும் சிறந்த பகுதி பெயர்களைப் படித்தலே. முந்திய செப்டம்பர் முதல் அவ்வாண்டு ஆகஸ்டு முடியக் கடமையில் உயிர்நீத்தார் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூறப்படும். கொள்ளைநோய் பரவிய 2020இல், அந்நோய்க் காலப் பணியில் இறந்த காவலரும் அந்நாளில் நினைக்கப்பெற்றனர். புதுதில்லியில் 2018 அக்டோபர் 21ஆம் நாள் திறக்கப்பெற்ற தேசியக் காவலர் நினைவிடத்தில் 30 அடி உயரமும் 238 டன் எடையும் உள்ள ஒற்றைக் கருங்கல் நிற்கின்றது. ஆயினும், கல்லின் பெருமையினும், ஆங்குள்ள சுவரில் அந்நாளிற் பொறிக்கப்பெற்றிருந்த 34,844 பெயர்களே காண்பார் உள்ளத்தைத் தொடுவன. தொகையாகச் சொல்லின் அஃது எண். ஒவ்வொன்றாகப் படிப்பின் ஒவ்வொன்றும் ஒரு வீடு.

பெயர் பொறித்துக் கல் நாட்டும் இவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. நடுகல் எடுத்தலின் படிகளைத் தொல்காப்பியர் காட்சி முதல் வாழ்த்து ஈறாக வகுத்துரைத்தார். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியிற் கிடைத்த நடுகற்கள் பல, ஊரார் ஆநிரையை மீட்கப் பொருது வீழ்ந்தார்க்கு எடுத்தவை. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயரையும் கோவிவன் என்று குறித்துள்ளது. காத்தவர் யாவராயினும் அவர் பெயர் மறைதலாகாது என்பதே நம் முன்னோர் கொள்கை.

போலீஸாரைப் பற்றி மக்களுக்குக் குறைகள் உண்டே. அங்ஙனமிருக்க இவ்வணக்கம் பொருந்துமோ எனச் சிலர் வினவலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. இச்சடங்கு எக்குறையையும் மறைப்பதற்கன்று. எளியாரைக் காக்கும்பொருட்டு ஒருவன் உயிர் கொடுத்த அதே உடையை அணிந்து எளியாரை வருத்துவானாயின், அவனை முதற்கண் கடிவது அக்கல்லே. ஆகவே இந்நாள் காவலர்க்கு ஓர் அளவுகோல். நமக்கோ ஒரு கடன்.

அக்கடன் மலரோடு தீர்வதன்று. பெயர் படிக்கப்படும்பொழுது, அப்பெயருக்குரியாரின் மனைவியும் மக்களும் முன்வரிசையில் அமர்ந்திருப்பர். அடுத்த ஆண்டு அவ்விடத்திற் புதியோர் அமர்வர். பழையோரை ஊர் மறந்துவிடுதல் எளிது. எனவே மாணவராகிய நாம், நம் மாவட்டத்தில் அங்ஙனம் உயிர்நீத்தார் ஒருவரின் பெயரையேனும் கேட்டறிவோமாக. அவர் எவ்வூரினர், எப்பணியில் இறந்தார், அவர்தம் பிள்ளைகள் படிப்பைத் தொடர்கின்றனரா என்றும் உசாவுவோமாக. அப்பிள்ளைகளுள் ஒருவர் நம் வகுப்பிலேயே, நம் அருகிலேயே அமர்ந்திருத்தலும் கூடும்.