எந்தக் கொடியை நடுவது?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற தகப்பனார், மாமனார் வழியில் கம்பத்துப் பக்கம் வந்து சேர்ந்த இரண்டு ஏக்கரில் காபர்னே சாவிஞ்ஞோன் கொடி வைத்து, குடும்பமாகச் சிறியதொரு ஒயின் ஆலை நடத்துவதென்று நிச்சயித்துவிட, தோட்டக்கலை படிக்கும் மகன் இராயபுரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு யோசனை கேட்க வந்தான். நாகரிகத்தில் மயங்கியோ பெற்றோரின் ஆக்ஞைக்கு அஞ்சியோ அதே பெயரை உச்சரித்துக்கொண்டு இவ்வாண்டு வந்த மாணவர்களில் அவன் மூன்றாமவன்.

பன்னீர் திராட்சையை யாவரும் அறிவார்கள்: நூல்களில் மஸ்கட் ஹாம்பர்க், 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துத் தவணை மாறுவதால் கம்பத்தில் ஆண்டு முழுவதும் எங்கேனும் பழுத்துக்கொண்டிருக்கும். விதையில்லாத தாம்சன் பழக்கடைக்கும் உலர்திராட்சைக்கும் உரியது.

காபர்னேயோ, பிரான்சின் போர்தோ பிரதேசத்தில் பிறந்து, நிதானமாகப் பழுக்கும் ஸ்வபாவம் கொண்டது. இரவு குளிராத இடத்தில் பழத்தின் சர்க்கரை விரைந்து ஏறும், புளிப்பு விரைந்து இறங்கும், தோலின் துவர்ப்பு மட்டும் பக்குவப்படாமல் பின்தங்கும். நாசிக்கில் விளைகிறதே என்பார்கள். ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், மழை ஓயும்போது கவாத்துச் செய்து, பனிக்கால இரவுகளின் தண்மையில் பழுக்கவைக்கும் ஊர் அது. கம்பமோ அதனினும் தாழ்ந்த பள்ளத்தாக்கு. போர்தோவின் மேடோக் பகுதியில் அக்கொடிக்கு வாய்த்தது தண்ணீர் நில்லாத சரளை மண். நெல்வயலை ஒட்டிய களியில் அதன் வேர் மூச்சுத் திணறும்.

என் வார்த்தையில் பட்சபாதம் உண்டென்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எண்ணூரில் குடியிருந்தபோது கொல்லை மணலில் அதே கொடியை நட்டு, உவர்நீர் ஊற்றி, இலையோரங்கள் தீய்ந்ததுபோல் கருகுவதை நான்கு வருஷம் பார்த்தேன். கண்டது இரண்டே கொத்து. கிறிஸ்துமஸுக்கு அண்டை வீட்டு ஆங்கிலோ-இந்திய மூதாட்டி ஒயின் ஜாடியின் துணியை அவிழ்த்ததும் எழும் பன்னீர் வாசனையோ என்னை இன்றும் விடவில்லை.

எந்தக் கொடியானாலும், முதல் அறுவடைக்கு இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கவும், விடியலில் பந்தலுக்கடியில் குனிந்து ஒவ்வோர் இலையின் அடிப்புறத்திலும் அடிச்சாம்பல் நோயைத் தேடவும் தனக்குச் சித்தம் உண்டா என்று மாணவன் தன்னையே கேட்டுக்கொள்வது உத்தமம்.

மறுமாதம் அவன் அந்த நிலத்து மண்ணைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தான். ஒரு பிடியை நனைத்துக் கட்டைவிரலால் தள்ளினேன். உடையாமல் நாடாவாக நீண்டுகொண்டே போயிற்று. சுத்தமான களி, பன்னீருக்கே வடிகால் வெட்டவேண்டும்.

“அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்” என்றான்.