டி-யில் ஏறலாம், இறங்கலாமா?

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர். வத்தலக்குண்டு முந்நூறு மீட்டர் சொச்சம். ஆட்களும் பைகளுமாக 1,500 கிலோ எடையுள்ள கார் இந்த 1,800 மீட்டரை இறங்கும்போது ஏழு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளிப்படுகிறது. டயரும் காற்றும் தடுத்து வாங்கிக்கொள்வது போக, மிச்சத்தை பிரேக்கோ இன்ஜினோதான் தாங்க வேண்டும். எது தாங்குவது என்பதைக் கியர் லிவர் முடிவு செய்கிறது. ஆட்டோமேட்டிக் காரில் லிவரை ‘டி’யில் போட்டுவிட்டால் எல்லாவற்றையும் கார் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை மதுரைச் சாலைக்குச் சரி. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், இனி இழுவை வேண்டாம் என்று பல கார்கள் மேல் கியருக்குப் போய்விடுகின்றன. அங்கே வேண்டியதோ கீழ் கியர். சரிவை உணர்ந்து கியரைப் பிடித்து வைக்கும் புதிய கார்களுக்கும் அடுத்த கொண்டை ஊசி வளைவு தெரியாது.

ஆகவே ஊரைவிட்டுப் பெருமாள்மலை நோக்கி இறங்கத் தொடங்கும்போதே, வேகம் பிடிக்கும் முன், கியரைக் குறையுங்கள். ஏஎம்டி காரில் லிவரை ‘எம்’ பக்கம் தள்ளி இரண்டாம் கியர். சிவிடியில் ‘எல்’ அல்லது ‘எஸ்’. டார்க் கன்வர்ட்டர் காரில் ‘எம்’, இல்லையென்றால் ‘2’ அல்லது ‘எல்’. ஏறின கியரிலேயே இறங்கு என்ற லாரிக்காரர்களின் கணக்கு இங்கேயும் செல்லும். பிரேக்கைத் தொடாமலே வேகம் ஒரு நிலையில் நின்றால் கியர் சரி. கூடிக்கொண்டே போனால், பிரேக்கில் வேகத்தைத் தணித்துவிட்டு இன்னொரு கியர் கீழே வாருங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி, பிறகு முழுதாக விடுங்கள். ஈரம் உறிஞ்சிய டாட் 3 பிரேக் ஆயில் 140 டிகிரியை ஒட்டியே கொதிக்கக்கூடும். குமிழி வந்துவிட்டால் பெடல் பஞ்சாக உள்ளே போகும். கருகல் வாடை வந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். டம்டம் பாறை போல ஒதுங்க இடமுள்ள இடத்தில் நிறுத்தி எலிவால் அருவியைப் பார்த்துக்கொண்டிருங்கள், பிரேக் தானாக ஆறும்.

இன்ஜின் இப்படி உறுமினால் தேயாதா என்பார்கள். முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை 3,000, 4,000 சுற்று அதற்குப் பழக்கமான வேலைதான். ‘என்’னில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய இன்ஜின் கியரில் இறங்கும்போது எரிபொருளையே நிறுத்திக்கொள்கிறது. ‘என்’னில் சும்மா சுழலத்தான் அதற்குப் பெட்ரோல் வேண்டும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

ஏற்றத்தில் சிக்கல் குறைவு. வரிசையில் நிற்கும்போது ஏஎம்டி காரை ஆக்ஸிலரேட்டரால் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் சூடேறும். பிரேக்கிலோ ஹேண்ட்பிரேக்கிலோ நிறுத்துங்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதை இறங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

சரிவில் நிறுத்தும்போது நேராக ‘பி’க்குத் தள்ளினால், காரின் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியின் மேல் விழுகிறது. பிரேக்கை மிதித்தபடி ‘என்’னில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெல்லத் தளர்த்தி எடையை அதன் மேல் இறக்குங்கள்; திரும்ப மிதித்து, அதன் பிறகு ‘பி’. பல ஏஎம்டி கார்களில் ‘பி’யே கிடையாது. அவற்றை கியரில் வைத்தே இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைக்க வேண்டும். புறப்படும்போது அந்தக் கல்லை ஓரமாக எடுத்துப் போடுங்கள். பனிமூட்டத்தில் பின்னால் வரும் பைக்காரருக்கு அது தெரியாது.