நினைவாற்றலும் இரத்தக் குழாய்களும்

முதுமை வந்தால் மறதியும் உடன் வரும் என்று நம் இல்லங்களில் எளிதாகக் கூறிவிடுகிறோம். மூக்குக் கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது இயல்பே. ஆனால் பழகிய தெருவில் வழி தவறுவதும், உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்பதும் முதுமையின் இயல்பல்ல, நோயின் அறிகுறிகளாகலாம். அந்நோய்க்குரிய காரணங்களுள் நம்மால் பெரிதும் தடுக்கத்தக்க ஒன்றினை இங்குக் காண்போம்.

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 விழுக்காடு அதற்கே வேண்டும். அதனை மூளையின் ஆழத்திற்குக் கொண்டு சேர்ப்பவை மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பல்லாண்டுகள் மிகுந்திருப்பின் அக்குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி குறுகும். ஒரு குழாய் அடைபட்டால் அது ஊட்டிவந்த சிறு பகுதி மடியும். கை கால் முடங்காமலே இது நிகழக்கூடுமாதலால் வீட்டார் அறிவதில்லை.

இதன் விளைவை அமெரிக்கக் கத்தோலிக்கக் கன்னியரிடையே நடந்த ஆய்வொன்று காட்டிற்று. டேவிட் ஸ்னோடன் என்னும் அறிஞர் 1986-இல் தொடங்கிய இவ்வாய்வில் 678 முதிய கன்னியர் பங்கேற்று, இறந்தபின் தம் மூளையை அளிக்க இசைந்தனர். 1997-இல் வெளியான முடிவின்படி, அல்சைமர் நோயின் மாற்றங்கள் மூளையில் காணப்பட்ட 61 பேருள், குழாய் அடைப்பின் வடுக்களும் சேர்ந்திருந்தோரிடம் மறதி நோய் மிகுதியாக வெளிப்பட்டிருந்தது. ஒரு சுமையை ஓரளவு தாங்கிய மூளை, இரண்டாம் சுமை சேர்ந்ததும் தளர்ந்தது எனலாம்.

இரண்டாம் சுமையைக் குறைக்க இயலுமா? 50 வயதும் அதற்கு மேலும் ஆன 9,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட மற்றோர் அமெரிக்க ஆய்வு நம்பிக்கை அளிக்கிறது. இரத்த அழுத்தத்தின் மேல் அளவை 140-க்குள் வைத்தவர்களைவிட, 120-க்குள் வைக்க முயன்றவர்களிடம் நினைவாற்றல் குன்றும் தொடக்க நிலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. எனினும் இவ்வளவு எல்லார்க்கும் பொருந்தாது. அழுத்தம் மிகத் தாழ்ந்தால் தலைசுற்றி விழ நேரும். எனவே அவரவர்க்குரிய அளவை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. நடு வயது முதலே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து வருவோம். ஊறுகாய், அப்பளம், வடகம் ஆகியவற்றைச் சுருக்கி, நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மிகாமல் காப்போம். நாள்தோறும் நடப்போம், புகையை விலக்குவோம். எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று: நினைவு தளர்ந்த பெரியவர் மாத்திரையையும் மறப்பார். அதனை அவர் பொறுப்பில் விடாது, வேளை தவறாமல் நம் கையால் எடுத்துக் கொடுப்பது நம் கடமையாகும்.