மெல்ல அசையும் உடல், அமைதியுறும் மூளை

இடையஞ்சாவடி முதல் மரக்காணம் உப்பளப் பகுதி வரையிலிருந்து வரும் நோயாளிகள் சிலர், "தை சி பயின்றால் மனம் அமைதியாகுமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று வினவுகின்றனர். முதல் வினாவுக்கு விடை, ஆம். இரண்டாவதற்கு, கூடாது.

தை சி என்பது யாது?

சீனத் தற்காப்புக் கலையிலிருந்து பிறந்த பயிற்சி இது. உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றி, கைகளை வட்டமாக அசைத்து, கவனம் முழுவதையும் அசைவிலும் மூச்சிலும் நிறுத்துவதே இதன் முறை.

மூளையில் நிகழ்வது என்ன?

விழித்திருந்தும் தளர்ந்திருக்கும் மூளையில், நொடிக்கு 8 முதல் 13 முறை எழும் ஆல்ஃபா மின்னலைகள் மிகுதியாகத் தோன்றும். 1961-இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், குளிர்ந்த நீரில் கையை அமிழ்த்தியிருந்தபோதும் யோகிகள் இருவரின் ஆல்ஃபா அலைகள் கலையவில்லை. தை சி பயில்வோரிடமும் இவ்வலைகள் கூடுவதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் அசையும் தசைகளின் மின்துடிப்பும் பதிவில் கலந்துவிடுவதால், அம்முடிவுகளை எச்சரிக்கையுடனேயே ஏற்கிறோம்.

மூச்சின் பங்கு தெளிவானது. இயல்பாக நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அது மெதுவாகி, வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் செயல் மேலோங்கி, இதயத்துடிப்பு தணிகிறது.

"நாள் முழுதும் உப்பளத்தில் உழைக்கிறோமே, இது எதற்கு?" எனலாம். உழைப்பில் தசை இறுகும், மூச்சு விரையும். இப்பயிற்சியில் இரண்டும் தளர்கின்றன. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

விழாமல் காக்கும் பயன்

2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேர் பங்கேற்றனர். அவர்களுள் வாரம் இருமுறையாக 24 வாரங்கள் தை சி பயின்றோரின் சமநிலை மேம்பட்டது. தசை நீட்சிப் பயிற்சி செய்தோரைவிட அவர்கள் விழுவதும் குறைந்தது.

தொடங்கும் முறை

1. சமதளத்தில், கைக்கெட்டும் தொலைவில் உறுதியான நாற்காலியுடன் நிற்கவும். நிற்க இயலாதோர் அமர்ந்தே செய்யலாம்.
2. நாள்தோறும் 10 நிமிடங்கள் போதும். முழங்காலை ஆழமாக மடக்க வேண்டாம்.
3. தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகவும்.
4. நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலுடன் செய்ய வேண்டாம்.
5. உடனிருப்போர் கையைப் பிடித்து இழுக்காமல், பக்கத்தில் நின்று கவனித்தால் போதும்.

இரத்த அழுத்தம், வலிப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மனம் இலேசாகத் தோன்றும் நாளிலும் மருந்தைத் தவறாது உட்கொள்ளுங்கள். பயிற்சியைத் தொடங்கியதை அடுத்த வருகையில் எங்களிடம் கூறுங்கள். மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்பதைப் பரிசோதித்த பின்னர் நாங்கள் முடிவு செய்வோம்.