கார்டு முடங்குவது ஏன்? தடுப்பது எப்படி?

மஸ்ஜித் இந்தியா துணிக்கடையாயினும், பினாங்கு மளிகைக் கடையாயினும், சிராங்கூன் ரோட்டு உணவுக்கடையாயினும், இன்று கல்லாவில் ரொக்கத்துடன் கார்டும் புழங்குகிறது. மெஷின் ‘டிக்ளைன்’ என்று காட்டினால் நம் சிப்பந்திகள் செய்வதென்ன? கார்டைத் துடைத்து வைக்கிறார்கள், திருப்பி வைக்கிறார்கள், தொகையைக் குறைத்து மறுபடியும் அடிக்கிறார்கள். ஐந்தாறு முறை இப்படி நடந்தபின் கார்டே முடங்கிப் போகிறது. அந்த வாடிக்கையாளர் அடுத்த கடையிலும் கைவிரித்து நிற்பார். பழி நம் கடைக்கு!

இதன் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும். மெஷின் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. கார்டு வழங்கிய பேங்கைக் கேட்டு, அது சொல்லும் பதிலைக் காட்டுகிறது, அவ்வளவே. நாம் எத்தனை முறை கேட்டோம் என்பதும் அங்கே பதிவாகிறது. திருட்டுக் கார்டு வைத்திருப்பவனும் இதையே செய்வான்: 500 வெள்ளி மறுக்கப்பட்டால் 300, அதுவும் போனால் 100 என்று பார்ப்பான். நம் சிப்பந்தியின் நல்லெண்ணத்தைப் பேங்கின் கணினி எப்படிக் கண்டுகொள்ளும்? ஆகவே அது கதவைச் சாத்திவிடுகிறது.

பல மெஷின்களில் மறுப்புடன் இரண்டு இலக்க எண்ணும் வரும். கல்லாவில் இருப்போர் அதைப் படிக்கப் பழகுதல் நலம். 51 என்றால் இருப்பு போதாது. 54 என்றால் கார்டின் காலம் முடிந்தது. 55 என்றால் ரகசிய எண் தவறு. பெரும்பாலான பேங்குகளில் மூன்று தவறுகளுக்குமேல் விடமாட்டார்கள், பிறகு 75 வரும். 91 என்றால் பேங்கு பதில் தரவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு முறை முயலலாம். 05 என்பது காரணம் சொல்லாத மறுப்பு. வாடிக்கையாளர்தான் பேங்கைக் கேட்க வேண்டும். 41, 43 இரண்டும் தொலைந்த, திருடப்பட்ட கார்டுகளுக்கு உரியவை. அவற்றை மறுபடி தொடவே கூடாது.

இணையத்தில் மாதச் சந்தா வசூலிப்போருக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. வீசா நிறுவனத்தின் விதிப்படி, மறுக்கப்பட்ட ஒரு வசூலை 30 நாளில் 15 முறைக்குமேல் மீண்டும் அனுப்பலாகாது. மீறினால் கட்டணம் விழும். கார்டின் காலம் முடிந்திருக்கையில் தினந்தோறும் அனுப்பி என்ன பயன்? ஆளைக் கூப்பிட்டுப் புதுக் கார்டின் விவரம் கேட்பதே வழி.

நம் சொந்தக் கார்டு முடங்கினால் நஷ்டம் பெரிது. கொள்முதல் பணம் போய்ச் சேராமல் சரக்கு கிட்டங்கியிலேயே கிடக்கும். பெரிய தொகை அனுப்புமுன் இருப்பையும் தினசரி வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் பெட்ரோல் பம்பிலேயே கார்டைச் செருகினால் 200 வெள்ளி வரை பிடித்து வைத்துப் பின்னரே விடுவிப்பார்கள். இருப்பு குறைவாயின் அடுத்த வியாபாரம் 51 ஆகிவிடும். உள்ளே கல்லாவில் கட்டினால் போட்ட பெட்ரோலுக்கு மட்டுமே போகும். சரக்கெடுக்கச் சென்னை செல்வோர், டெபிட் கார்டின் வெளிநாட்டு உபயோகத்தைப் புறப்படுமுன் பேங்கில் சொல்லித் திறந்துகொள்ள வேண்டும். அங்கே போய் நாலு கடையில் அடித்துப் பார்ப்பது வீண்.

கார்டு முடங்கிவிட்டால் அதன் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கே பேச வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை நம்பலாகாது. அந்த எண்ணைத் தனியே ஒரு சீட்டிலும் எழுதி வையுங்கள். கார்டை ஏடிஎம் விழுங்கிவிட்டால் பின்புறத்தைப் பார்ப்பது எங்கே?